வட்டவடை நத்தைக்கு வைத்த பெயரைத் திரும்பப் பெற்றவர்

பேராசிரியர் நாச்சிமுத்து அவர்கள் காலமான செய்தி ஒரு தப்பான நத்தையின் படத்தோடு எனக்கு வந்து சேர்ந்தது. காலை நேரம், சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு போஸ்டர் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோட்டும் டையுமாகச் சார். மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆப்பிரிக்க நத்தை. வாழையையும் பப்பாளியையும் தின்று தீர்க்கிறது என்று ஊரே உப்புப் பொட்டலத்தோடு துரத்துகிற அதே சனியன். கீழே ‘நத்தைகளின் நண்பர்’ என்று எழுதியிருந்தது.

துவரம்பருப்பை விடப் பெரிய நத்தையைத் தன் மேசையில் வைக்கவே விடாதவர் அவர். அந்தக் குழுவில் பாதிப் பேர் விலங்கியல் வாத்தியார்கள். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார்கள். நான் முதலில் சிரித்தேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் பழனிச்சாமி கூப்பிட்டார். “மேடம், வர்ற ஞாயித்துக்கெழம காலேஜுல அனுஸ்மரணம், அஞ்சலிக் கூட்டம் வெச்சிருக்கறமுங்க. நெனவு மலருக்கு நீங்க நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுக்கோணும். சாரோட ரொம்ப வருசம் வேல பாத்தது நீங்கதானுங்களே.”

“நாலு இருக்காதே தம்பி. ஒண்ணு இருக்கு.”

“அந்த ஒண்ணையே நாலாப் பிரிச்சு எழுதிருங்க மேடம்” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அப்பறம், கடைசீல சார் ரண்டு பக்கம் எழுதுனாருங்களே, அந்தச் சமாச்சாரம் மட்டும் வேண்டாமுங்க. பெரிய மனுசன் பேரு கெட்டுப்போகுமுங்க. காலேஜுத் தோட்டத்துல நெனவுக் கல்லு வேற வெக்கறம். அதுல அந்த நத்தை பேரத்தான் வெட்டச் சொல்லியிருக்குது.”

அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். பழனிச்சாமி இதை மலரில் போடுவாரோ, மிக்சர் மடிப்பாரோ, அது அவர் பாடு.

சாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலேயே தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த பெரிய வீட்டுப் பிள்ளை. எங்கள் விலங்கியல் துறையின் தலைவர். மலைகளில் இலைக்குப்பைக்குள் வாழும் பொடி நத்தைகளைப் பார்த்து இன்ன இனம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அது மற்ற யாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நடை, தொப்பி, குடை எல்லாவற்றிலும் அது தெரியும்.

நான் மூணாறு மலையில், தேயிலை எஸ்டேட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். துறையில் சேர்ந்த அன்று அவர் அறைக்குப் போய் நின்றேன்.

“ஊடு எங்கீங்க?” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“மூணாறு சார். எஸ்டேட்டு.”

“அப்ப அட்டையத்தான் பாத்திருப்பீங்க. நத்தையெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க. போய் உக்காருங்க.”

கொங்குத் தமிழ் மரியாதையான பேச்சு என்று சொல்வார்கள். ஒருவரை எவ்வளவு மரியாதையாக மட்டம் தட்டலாம் என்பதைச் சாரிடம்தான் பார்த்தேன். அவர் செய்த ஒவ்வோர் அவமானத்தின் வாலிலும் ஒரு ‘ங்க’ இருக்கும். திட்டு வாங்கியவருக்கு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைக்கும்.

இனி வருவது புரிய வேண்டுமானால் நத்தையின் வாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். வாய் என்று நாங்கள் சொல்வது ஓட்டின் வாயை. குட்டி நத்தையின் ஓடு வாய்ப்பக்கம் காகிதம்போல் மெலிந்திருக்கும். நத்தை வளர வளர ஓடும் சுற்றிச் சுற்றி வளரும். முழுசாக வளர்ந்ததும் அந்த விளிம்பு தடித்து, குடத்தின் வாய்போல வெளிப்புறம் மடங்கிக்கொள்ளும். அதோடு வளர்ச்சி நின்றது என்று பொருள். எல்லா நத்தைக்கும் இப்படி இல்லை. ஆனால் நாங்கள் பார்த்துவந்த வகைக்கு உண்டு. வாய் மடங்காத ஓட்டை வைத்துக்கொண்டு இனம் பிரிக்கக் கூடாது. எந்த இனத்துக் குட்டியும் வேறெந்த இனத்துக் குட்டி மாதிரியும் இருக்கும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை எனக்குச் சொன்னதே சார்தான்.

யாராவது ஆசையாக ஒரு நத்தையைக் கொண்டுவந்தால் லென்ஸை வைத்துப் பார்ப்பார். வாய் மடங்கியிருக்கவில்லையானால், “சிறுசுங்க” என்பார். உதட்டைக் குவித்து ‘ஃபூ’ என்று ஊதுவார். நத்தை மேசையிலிருந்து பறந்துபோய் எங்கேயாவது மூலையில் விழும். கொண்டுவந்தவர் குனிந்து தேடலாம், தேடாமலும் போகலாம், சார் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். மனிதர்களுக்கும் அதே தீர்ப்புத்தான். புதிதாக வந்த பிரின்சிபால் சிறுசு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் சிறுசு. வாய் மடங்கிய மனிதர் என்று அவர் யாரையும் ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை, கண்ணாடியில் தெரிந்தவரைத் தவிர.

வட்டவடைக்கு நாங்கள் போனது மழை பிடித்த சமயம். மூணாறிலிருந்து ஜீப். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், கேரட் வயல், மேலே கொஞ்சம் சோலைக்காடு, இரண்டுக்கும் நடுவே ஒரு கல்கட்டு. நாங்கள் ஈர மண்ணில் மண்டியிட்டு இலைக்குப்பையை அள்ளிச் சலித்தோம். சார் குனியவில்லை. குடை நுனியால் “இங்க, இங்க” என்று காட்டிக்கொண்டிருந்தார். கல்கட்டின் இடுக்கில் தேன் நிறத்தில் பொடிப்பொடியாக நத்தைகள் கிடைத்தன.

வயலுக்குச் சொந்தக்காரர் முருகேசன் வந்து எட்டிப் பார்த்தார். “இது வெள்ளப்பூண்டத் திங்குமா சார்?”

“அதுக்குப் பூண்டு சேராதுங்க” என்றார் சார். அது என்ன தின்னும் என்று எங்கள் யாருக்கும் அன்று தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல்லைச் சார் விவசாயிகள் முன்னால் பயன்படுத்துவதில்லை.

லென்ஸில் பார்த்தேன். ஒன்றுக்குக்கூட வாய் மடங்கியிருக்கவில்லை. “சார், எல்லாமே குட்டி. மழை இப்பத்தான பிடிச்சிருக்கு, பொரிச்சு வந்த நேரம். பெருசு கெடைக்கிற வரைக்கும் பொறுத்துப் பாப்பமே” என்றேன்.

“அதுதானுங்க ஸ்டெல்லா இந்த எனத்தோட கொணம். இதுக்கு வாய் மடங்கவே மடங்காதுங்க.”

இல்லாத ஒன்றை அடையாளம் என்று சொல்லிவிட்டார். பல் முளைக்காத குழந்தையைப் பார்த்து, பல்லே இல்லாத புது மனித இனம் என்று அறிவிப்பது மாதிரி. புது இனம் என்று கட்டுரை எழுதினார், அச்சாகியும் விட்டது.

பெயர் வைத்த கதை அதைவிட அழகு. ஓர் உயிருக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் நாகரிகம் இல்லை. மற்றவர்கள் வைத்தால்தான் மரியாதை. சார் தன் பெயரை வைக்கவில்லை, பாட்டனார் பெயரைத்தான் வைத்தார். ‘என் பாட்டனார் நாச்சிமுத்து அவர்களின் நினைவாக’ என்று கட்டுரையில் போட்டார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் பழக்கம் என்பது அந்தப் பத்திரிகையின் வெளிநாட்டு ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? லத்தீன் வாலை ஒட்டிக்கொண்டு ‘நாச்சிமுத்துயி’ என்று அந்த நத்தை உலகத்துக்குள் போயிற்று. தன் பெயரைத் தானே சூட்டிக்கொண்டு, அதற்குப் பாட்டனைச் சாட்சியாக நிறுத்தியவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

கொழிஞ்சாம்பாறை முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் நத்தை எருமை அளவுக்கு இருந்தது. பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்திய ஒரு பிரமுகர், “சார் கண்டுபிடிச்ச இந்த நத்தை நம்ம நாட்டுக்குப் பல கோடி நன்மை தரும்” என்று பேசினார். சார் மறுக்கவில்லை. முன்வரிசையில் நான் கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் துறையில் என் மேசை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது வட்டவடையிலிருந்து குட்டி நத்தைகளைக் கொண்டுவந்து, மூணாறில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு மிட்டாய் டப்பாவில் வளர்த்தேன். ஈர இலை, முட்டை ஓட்டுப் பொடி, காற்றுக்கு ஊசித் துளை. நான் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிய பிறகு அண்ணன் பார்த்துக்கொண்டான். “காலேஜு டீச்சரம்மா நத்தைக்குச் சோறு போடச் சொல்லிட்டுப் போயிருக்கா” என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தானாம். சிரித்தாலும் ஒழுங்காகப் போட்டான். மாதங்கள் போயின. நத்தைகள் வளர்ந்தன, வாய் தடித்தது, அழகாக வெளியே மடங்கிற்று. அது புது இனமே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தக் காலத்திலேயே விவரித்துப் பெயர் வைத்த, நம் மலையில் பரவலாகக் கிடைக்கும் பழைய நத்தை.

வளர்ந்த ஓடுகள் இரண்டைப் பஞ்சில் சுற்றிக்கொண்டுபோய்ச் சார் மேசையில் வைத்தேன். லென்ஸை எடுத்தார், ஆனால் கண்ணில் வைக்கவில்லை.

“டப்பாவுலீங்களா வளத்தீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப இது டப்பா நத்தைங்க. காட்டு நத்தை வேறைங்க.”

உதட்டைக் குவித்தார். ஃபூ. இரண்டும் போயின. அன்று சாயங்காலம் அறையைப் பெருக்கியபோது விளக்குமாற்றோடு வெளியே போயிருக்கும். குனிந்து தேடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விடாமல் ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். நத்தை விஷயம் என்றால் அவர்கள் கருத்துக் கேட்டு அனுப்புவது யாருக்கு? சாருக்கு. கட்டுரை திரும்பி வந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்துக்கொண்டு, லீவு, பரீட்சைப் பணி, மழை ஆகியவற்றை மட்டும் பேசினோம். பொய்ப்பெயர் பட்டியல்களில் ஏறிற்று, வினாத்தாளில்கூட வந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கினார்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று பூச்செண்டு கொடுத்தேன். மனசுக்குள் கொடுத்தது வேறு.

போன வருடம், பனி இறங்கத் தொடங்கிய சமயம், போன் வந்தது.

“ஏனுங்க ஸ்டெல்லா, வட்டவடைக்கு ஒருக்காப் போலாமுங்களா?”

சாருக்கு அப்போது முழங்கால் இரண்டும் போயிருந்தன. வைத்தியர் படியேறவே கூடாது என்றிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். “வந்து பாருங்க” என்று வைத்துவிட்டார். புதிதாக ஏதாவது ஒரு குட்டிக்கு இந்த முறை பாட்டி பெயரை வைக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அதைக் கெடுப்பதற்காகவாவது போக வேண்டும் என்று கிளம்பினேன்.

ஜீப்பில் போகும்போதுதான் சொன்னார். அந்த வருட மழை பிடித்தபோதே அவர் தனியாக வந்துபோயிருக்கிறார். கல்கட்டில் வாய் மடங்காத நத்தைகளைப் பிடித்து, பேத்தியின் நகப்பாலிஷை ஊசி முனையில் தொட்டு, ஒவ்வொன்றின் ஓட்டு விளிம்பிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, எடுத்த இடத்திலேயே விட்டிருக்கிறார். அந்தக் கல்கட்டைக் கலைக்க வேண்டாம் என்று முருகேசனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். டப்பா நத்தை என்ற பேச்சுக்கே இடமில்லை. காட்டில் பிறந்து, காட்டில் தின்று, காட்டிலேயே வளர வேண்டும்.

“இப்ப எதுக்கு சார் இது?” என்று கேட்டேன். எனக்குக் கோபமாகத்தான் வந்தது. இத்தனை காலம் கழித்து!

“நான் போன பொறகு நீங்க எழுதத்தான் போறீங்க. எனக்குத் தெரியாதுங்களா? உங்க கையால சாகறதுக்குப் பதிலா, எம்பேர நானே கொன்னுக்கறனுங்க.”

ஜீப் ஓட்டிய தங்கராஜ் திரும்பிப் பார்த்தார். “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றார் சார்.

கல்கட்டுக்குப் பக்கத்தில், குனியாத அந்த மனிதர் பூண்டுத் தழைக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். உட்காரவைக்க முருகேசனும் தங்கராஜும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. கல் கல்லாகத் தேடினோம். வெகுநேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஓர் ஈர இலையின் அடியில் சிவப்புப் பொட்டோடு ஒன்றைக் கண்டேன். இலையோடு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

லென்ஸை இந்த முறை கண்ணில் வைத்தார். விளிம்பில் வைத்த பொட்டு இப்போது விளிம்பில் இல்லை. அதைத் தாண்டி ஓடு அரைச் சுற்று புதிதாக வளர்ந்திருந்தது. வளர்ந்து நின்ற இடத்தில் வாய் தடித்து, வெளியே மடங்கி, வெள்ளையாகப் பளபளத்தது. அதை மறுக்க மடையனால்தான் முடியும். சார் மடையர் இல்லை. அவரிடம் இருந்தது வேறு வியாதி.

“அந்தத் தொரை குதுரை மேல உக்காந்துட்டுப் பாத்தே சரியாச் சொல்லிப்போட்டாருங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துந் தப்பு உட்டுப்போட்டனுங்க” என்றார். லென்ஸை இறக்கிவிட்டு, “நான் பேரு வெச்சது சிறுசுங்க” என்றார்.

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நடந்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

பழனிச்சாமி மறைக்கச் சொன்ன இரண்டு பக்கம், அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் பத்திரிகையில் சார் எழுதியது. வட்டவடையிலிருந்து தான் விவரித்த இனம் தவறு; குட்டியை முழு நத்தை என்று கொண்டது தன் பிழை; அந்தப் பெயர் பழைய பெயருக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான். சாக்கு இல்லை, சமாதானம் இல்லை. கடைசியில் ஒரு நன்றி: ‘வட்டவடையில் உடனிருந்த ஸ்டெல்லாவுக்கும், ஜீப் ஓட்டிய தங்கராஜுக்கும்.’ மிட்டாய் டப்பாவைப் பற்றியோ, திரும்பி வந்த என் கட்டுரையைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. தங்கராஜுக்கு முன்னால் என் பெயரைப் போட்டதே பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். படித்துவிட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் எரிகிறது.

ஆனாலும் சொல்கிறேன். பெயர் வைப்பவர்கள் எங்கள் தொழிலில் மழைக்காளான் மாதிரி. ஒருவர் வைத்த தப்பான பெயரை அவர் போன பிறகு அடுத்தவர் வந்து எடுப்பதுதான் வழக்கம். இருக்கும்போதே தன் பெயரைத் தன் கையால் எடுத்துப் போட்டவர், நான் அறிந்தவரை, இவர் ஒருவர்தான். வீம்பால் செய்தாரா, உண்மைக்காகச் செய்தாரா என்பது எனக்கு வேண்டாம். முழங்கால் போன மனிதர் மலையேறி, நகப்பாலிஷும் ஊசியுமாகக் கல்கட்டில் குனிந்திருக்கிறார். அவர் வாழ்நாளில் செய்த மற்ற எல்லாவற்றையும் நான் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதை மட்டும் கொடுக்க மாட்டேன்.

அதையே மறைக்கச் சொல்கிறீர்கள், பழனிச்சாமி. ஒரு மனிதர் செய்த தப்பைக் கல்லில் வெட்டிவிட்டு, அவர் செய்த ஒரே பெரிய காரியத்தை மண்ணில் புதைக்க ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர், பொருளாளர், ஒரு மலர்! ஆப்பிரிக்க நத்தையைப் போட்டு அஞ்சலி செலுத்துகிறவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? அந்தக் கல்லில் ‘நாச்சிமுத்துயி’ என்று வெட்டினால், அது அவரே செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பெயர். வெட்டத்தான் வேண்டுமென்றால் அவருடைய சொந்தப் பெயரை வெட்டுங்கள். கீழே, ‘தான் வைத்த பெயரைத் தானே திரும்பப் பெற்றவர்’ என்று போடுங்கள். இடம் போதவில்லையானால் பட்டங்களை எடுத்துவிடுங்கள்.

சார், நீங்கள் இருந்தவரை உங்களை எனக்குப் பிடித்ததில்லை. செத்துவிட்டீர்கள் என்பதற்காக அதை மாற்றிச் சொன்னால் நீங்களே என்னை ஊதித் தள்ளுவீர்கள். ஆனால் நீங்கள் இல்லாதது அதைவிடப் பிடிக்கவில்லை. இனி ஒரு நத்தையைப் பற்றி நான் யாரோடு சண்டை போடுவது? இந்தக் கைகூப்பும் பொம்மைக்காரர்களோடா?

கடைசிக்கு வைத்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் உதட்டைக் குவித்தீர்கள். அந்நேரம் மேலே சோலைப் பக்கமிருந்து குளிர்காற்று விசிறி அடித்தது. நீங்கள் ஊதவில்லை. இன்னொரு கையைக் குடைபோல் குவித்து, அந்த நத்தை காற்றில் விழுந்துவிடாமல் மறைத்துக்கொண்டீர்கள். அது கொம்பை நீட்டி, உங்கள் விரலில் ஊர்ந்து, கல்கட்டில் ஏறி, இடுக்குக்குள் போகும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

நான் தருவதாகச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான். நீங்கள் சிறுசு இல்லை. போய் வாருங்கள் சார்.